தாய்லாந்து சாத்தே வீட்டு அடுப்பில்: எது நிலைத்தது, எது கழன்றது

பாங்காக்குக்குக் குடிவந்த பிறகு எங்கள் வீட்டில் நிரந்தரமாக இடம் பிடித்த உணவு சாத்தே. மூங்கில் குச்சியில் கோத்துச் சுட்ட கறி, பக்கத்தில் வேர்க்கடலைச் சாஸ். தெருமுனையிலேயே கிடைக்கிற ஊரில் இதை ஏன் வீட்டில் செய்ய வேண்டும் என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். இங்கே தெருவில் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். கோழியும் மாடும் வேண்டுமென்றால் முஸ்லிம்கள் நடத்தும் கடையைத் தேடிப் போக வேண்டும். எங்கள் வீட்டில் பன்றி சாப்பிடாதவர் உண்டு, கறியே தொடாதவரும் உண்டு. அதனால் சொந்த அடுப்பு. சில வருடங்களாக அடிக்கடி செய்துவருகிறேன். இதற்காக வாங்கிய சாமான்களில் பாதி பரணில் இருக்கின்றன, மீதி தினப் புழக்கத்தில் இருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாத்தேவில் மசாலா ஊறவைப்பதற்கு எல்லோரும் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். மஞ்சள், மல்லி, சீரகம், எலுமிச்சைப் புல் எல்லாம் கறியின் மேற்பரப்போடு நின்றுவிடும். உப்பு மட்டும்தான் ஒழுங்காக உள்ளே இறங்கும். இரவு முழுக்க ஊறினாலும் மூன்று மணி நேரம் ஊறினாலும் என் நாக்குக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. நெருப்பை மாற்றினால் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

முதலில் நாங்கள் இருந்தது அடுக்குமாடி. பால்கனியில் கரி மூட்டத் தடை. அதனால் புகையில்லாதது என்று சொல்லி விற்ற மின்சார கிரில் ஒன்று வாங்கினோம். புகை வராதது உண்மை. சாத்தேவின் வாசனையும் கூடவே வரவில்லை. சூடு குறைவு, அதனால் கறி தண்ணீர் விட்டு, வெளிறி, வெந்த கறியாகத்தான் வரும். கொஞ்ச நாளில் தட்டின் கறுப்புப் பூச்சும் உரியத் தொடங்கியது, தூக்கிப் போட்டாயிற்று. இரும்பு கிரில் தட்டு சூடு பிடிக்கும், கருகல் வரிகளும் அழகாக விழும். ஆனால் மசாலாவில் இருக்கும் வெல்லமும் தேங்காய்ப் பாலும் வரிகளுக்கு இடையில் விழுந்து தீய்ந்து, வீடு முழுக்கப் புகை. இரண்டாவது சுற்று போடுவதற்குள் தட்டைச் சுரண்ட வேண்டியிருக்கும். ஏர் ஃபிரையரில் குச்சி நுழைவதே பாடு. குச்சியை ஒடித்துப் போட்டாலும் காற்றில் கறி காய்ந்துவிடுகிறது. தோழிகள் அதைத்தான் புகழ்கிறார்கள். எனக்குச் சரிப்படவில்லை.

கரி இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி மின்சார அவனின் (oven) மேல் கம்பிச் சூடுதான். அதை முழு அளவில் வைத்து, பத்து நிமிடம் காய விட்டு, குச்சிகளைக் கம்பி வலையில் அடுக்கி மேல் தட்டில் வைக்க வேண்டும். குச்சியின் பிடிப் பக்கத்தை அலுமினியத் தாளால் மூடிவிடலாம். ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம், நடுவில் ஒரு முறை தேங்காய்ப் பால் தடவல், அப்புறம் திருப்பிப் போட வேண்டியதுதான். கரியில் வரும் சுவையில் பாதிக்கு மேல் வந்துவிடும். கீழே ஒரு தட்டு வைக்க மறக்கக் கூடாது, கொழுப்பு ஒழுகும்.

பிறகு சின்னத் தோட்டம் உள்ள வரிசை வீட்டுக்கு மாறினோம். அன்றைக்கே வாங்கியது சாத்தேக்காரர்கள் வைத்திருக்கும் நீளத் தொட்டி அடுப்பு. அந்த அடுப்பின் ஒடுங்கிய அகலம்தான் அதன் சூட்சுமம். கறி இருக்கும் பகுதி மட்டும் நெருப்புக்கு மேலே நிற்கும், குச்சியின் இரு முனைகளும் விளிம்பில் தங்கிக் கொள்ளும். கம்பி வலை தேவையில்லை, எனவே கறி எதிலும் ஒட்டுவதில்லை. குச்சியைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடச் சொல்வார்கள். அகலமான அடுப்பில் அதுவும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும், ஒடுங்கிய தொட்டியில் ஊறப்போடாத குச்சிகூட எரிவதில்லை. வாங்கும்போது தகரத்தை மட்டும் பாருங்கள். மலிவான மெல்லிய தகரத் தொட்டி இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம். துத்தநாகம் பூசிய தகடு அதிகச் சூட்டில் வெளிவிடும் புகை நல்லதல்ல, அதைத் தொடவே வேண்டாம். இப்போது என்னிடம் இருப்பது துருப்பிடிக்காத எஃகு. விலை ஏறக்குறைய மூன்று மடங்கு, ஆனால் கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது.

கரியில் எனக்குப் பிடித்தது சிரட்டைக் கரிக் கட்டி. பற்றுவதற்கு நேரம் எடுக்கும். பற்றிய பிறகு பொறி தெறிக்காமல் சீராக நிற்கும். மேலே சாம்பல் பூத்த பிறகே குச்சியை வைக்க வேண்டும். சுவாலை தெரியும் நெருப்பில் வெல்லம் கருகி, உள்ளே கறி வேகாமல் நிற்கும். மழை வருகிறதே என்று கரி அடுப்பை வீட்டுக்குள் மட்டும் கொண்டுவர வேண்டாம். மூடிய அறையில் கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இனி பால் தடவல். கெட்டியான முதல் பாலில் ஒரு சிட்டிகை உப்பு, விரும்பினால் ஒரு சிட்டிகை மஞ்சள். சந்தையில் சாத்தேக்காரர்கள் தாழை இனத்து பாண்டான் இலைகளை மடித்துக் கட்டிய கட்டையோ, தலையை நசுக்கிய எலுமிச்சைப் புல் தண்டையோ பிரஷாக வைத்திருப்பார்கள். சிலிகான் பிரஷைவிட அதில் பால் நன்றாக ஏறும், வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். குச்சியைத் திருப்பும்போதெல்லாம் ஒரு தடவல். கறி காயாமல் இருப்பது அதன் ஒரு பயன். பாலின் கொழுப்பு கரியில் சொட்டி, அதிலிருந்து எழும் புகை திரும்பக் கறியில் படிவதுதான் பெரிய பயன். சாத்தே வாசனை என்று நமக்குத் தெருவில் தெரிவது அந்தப் புகை. இதைப் புரிந்துகொண்ட பிறகு ஊறவைக்கும் மசாலாவில் பாலைக் குறைத்து, தடவுவதற்கான பாலைக் கூட்டிவிட்டேன்.

கறிக்கு வருவோம். கோழியில் தொடைக்கறி மட்டும். நெஞ்சுக்கறியை மெல்லிய நெருப்பில் பக்கத்திலேயே நின்று சுட்டால் ஒழுங்காக வரும், ஆனால் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டே சுடுகிற ஆளுக்கு அது சரிவராது. மாடு என்றால் பின்பக்கத்து மென்கறி; பன்றி என்றால் கழுத்துப் பகுதி. அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து இறுக விட்டு, இழைக்குக் குறுக்காக, அரை சென்டிமீட்டர் கனம், மூன்று சென்டிமீட்டர் அகலம், விரல் நீளம் என்று வெட்டுவேன். குச்சியை ஓட்டுத் தையல் போல உள்ளே வெளியே என்று செலுத்திக் கோக்க வேண்டும், நடுவில் சுருக்கம் விழாமல். கிளோங் தோய் சந்தையில் நான் கறி வாங்கும் அக்கா, கொழுப்பைத் தனியாக வெட்டிக் கொடுத்து, "இதை நுனியில் குத்து" என்பார். கோழியிலும் தோல் துண்டை அப்படி நுனியில் வைத்துப் பார்த்தேன், அபாரம்.

மசாலாவுக்கு அரைக் கிலோ கறிக்கு என் அளவு: வறுத்த மல்லி ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகு அரைத் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு ஒன்று, பேரரத்தை நான்கைந்து வட்டம், பூண்டு மூன்று பல், உப்பு ஒரு தேக்கரண்டி, வெல்லம் ஒரு மேசைக்கரண்டி, தேங்காய்ப் பால் கால் கப். கடைக்காரர்கள் பலர் சுண்டக் காய்ச்சிய டப்பாப் பசும்பாலும் சேர்ப்பார்கள். கறி மிருதுவாகும், சீக்கிரம் சிவக்கும். அன்னாசிச் சாறு சேர்ப்பவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், அதன் நொதி கறியைக் கூழாக்கிவிடும். பேரரத்தை நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துண்டாகக் கிடைக்கும். அதைச் சேர்த்தால் மருந்து வாடைதான் வரும். பச்சையாகக் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், சாத்தே ஒன்றும் கெட்டுவிடாது.

அரைப்பதற்கு மிக்ஸி போதுமா என்றால், உலர்ந்த பொருளுக்குப் போதும். எலுமிச்சைப் புல்லை எவ்வளவு பொடியாக நறுக்கிப் போட்டாலும் மிக்ஸி நாரை நாராகவே விட்டுவிடுகிறது. சோன்புரி மாகாணத்து ஆங் சிலா கல் உரலுக்குப் பெயர்போன ஊர். அங்கே செய்த கருங்கல் உரல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. தூக்கினால் இடுப்பு பிடிக்கும் கனம். ஆனால் இந்தச் சமையலுக்காக வாங்கியவற்றில் ஒரு குறையும் சொல்ல முடியாத பொருள் அது ஒன்றுதான்.

வேர்க்கடலைச் சாஸில் நான் நிறையச் சுருக்கிவிட்டேன். கறி விழுது எனப்படும் தாய்லாந்து மசாலா விழுதைக் கடையில் வாங்குவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. சிவப்புக் கறி விழுதைவிட மஸ்ஸமான் விழுது இதற்கு நன்றாகச் சேரும். அதில் ஏலம், பட்டை, கிராம்பு எல்லாம் இருப்பதால் கடலையோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் கிடைக்கும் விழுதுகளில் உப்பும் இறால் விழுதும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ருசி பார்க்காமல் மீன் சாஸ் ஊற்ற வேண்டாம். 50 கிராம் விழுதை, 400 மில்லி தேங்காய்ப் பாலில் மேலே நிற்கும் கெட்டிப் பகுதியை எடுத்து அதில் வதக்க வேண்டும், ஓரத்தில் சிவந்த எண்ணெய் பிரியும் வரை. டப்பாத் தேங்காய்ப் பால் சிலவற்றில் பிரியாமல் இருக்கவே பொருள் சேர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட பாலோடு மல்லுக்கட்டாமல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு வதக்கிவிடலாம். பிறகு மீதிப் பால், வறுத்துப் பொடித்த கடலை 120 கிராம், புளிக்கரைசல், பனைவெல்லம்.

பெட்சபுரி மாகாணத்துப் பனைவெல்லம் நம் பனையிலிருந்தே வருவதுதான், ஆனால் வெளிர் நிறம், மெழுகு மாதிரி மிருது. நம் கருப்பட்டியும் சாஸுக்குப் பொருந்துகிறது. நிறம் மட்டும் கறுத்துவிடும். கறியில் தடவும் மசாலாவுக்குக் கருப்பட்டி வேண்டாம், சுட்ட பிறகு கருகியது எது கருப்பட்டி எது என்று தெரியாது.

கடலையை நீங்களே வறுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் சேர்க்க வேண்டாம். கடலையில் பிடிக்கும் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. அவசரத்துக்கு வேர்க்கடலை வெண்ணெய் போடலாம், சர்க்கரை சேர்க்காததாக இருந்தால். சர்க்கரை சேர்த்த வகையில் சாஸ் இனிப்புப் பண்டமாகிவிடுகிறது. பொடித்த கடலையின் நறநறப்பும் போய்விடும். விருந்துக்கு யாரை அழைத்தாலும் கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுவது என் வழக்கம்.

சாத்தே ஜாவாவில் தோன்றி மலாய்த் தீபகற்பம் வழியாக இங்கே வந்தது என்பார்கள். மலேசியாவில் கூடவே ஓலைப் பொதியில் வெந்த கெதுப்பாட் சோறு வைப்பார்கள். தாய்லாந்தில் சதுரமாக வெட்டிச் சுட்ட வெள்ளை ரொட்டியும் ஆஜாத்தும். ஆஜாத் என்பது வினிகரில் சர்க்கரையும் உப்பும் காய்ச்சி ஆறவைத்து, அதில் வெள்ளரி, சின்ன வெங்காயம், சிவப்பு மிளகாய் நறுக்கிப் போட்டது. வந்த நாட்களில் அதை ஓர் அலங்காரமாகத்தான் நினைத்தேன். தேங்காய், கடலை, கொழுப்பு என்று மூன்றும் சேர்ந்து வாயை அடைக்கும்போது, ஐந்தாறு குச்சிக்கு மேல் போக அந்தப் புளிப்பு இல்லாமல் முடியாது. பாகைச் சூடாக ஊற்றினால் வெள்ளரி தொங்கிவிடும், முழுக்க ஆற விடுங்கள். ரொட்டியை மட்டும் கரியில் சுட்டுப் பாருங்கள். குழந்தைகள் கறியை விட்டுவிட்டு அதைச் சாஸில் தோய்த்துத் தீர்த்துவிடுவார்கள்.

சைவத்துக்கு நிறையப் பரிசோதனை நடந்தது. பனீர் வேண்டாம், இந்த மசாலாவோடு சேர்வதில்லை. டோஃபு பரவாயில்லை, ஆனால் குச்சியில் உடையும். சிப்பிக் காளானைக் கிழித்து, உப்பில் கொஞ்ச நேரம் வைத்துப் பிழிந்து கோத்தால் கறிக்கு ஈடாக நிற்கும். புரட்டாசியும் இங்குள்ள சீன வம்சத்தவரின் சைவ விழாவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருவதால், அந்த நாட்களில் இறால் இல்லாத கறி விழுது கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். மற்ற மாதங்களில் முன்பக்க எழுத்தை நம்பாமல் சேர்மானப் பட்டியலைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

நேரக் கணக்கு இதுதான்: வெட்டுவதும் கோப்பதும்தான் பாதி வேலை. அதனால் இரட்டை அளவு கோத்து, பாதியைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்து, பிறகு பையில் அடைத்துவிடுகிறேன். இரண்டு மூன்று வாரம் வரை சுவையில் குறை தெரியவில்லை. சாஸ் குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் நிற்கும், கெட்டியாகிவிடும். சூடுபடுத்தும்போது வெந்நீர் விட்டால் இளகிவிடும். ஆஜாத்தை மட்டும் அன்றன்றைக்கே செய்ய வேண்டும். வீட்டில் இருவர்தான், இருவரும் பன்றி சாப்பிடுவீர்கள் என்றால், பாங்காக்கில் இருந்துகொண்டு இத்தனை வேலை தேவையில்லை, கீழே இறங்கி வாங்கிச் சாப்பிடலாம்.

சாஸ் மிஞ்சினால் வள்ளைக்கீரையைக் கொதிநீரில் முக்கி எடுத்துச் சோற்றின் மேல் வைத்து, மேலே ஊற்றினால் மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்தது. இங்கே கடைகளில் அதையே ராமர் பெயரில், பன்றி இறைச்சியும் வைத்து விற்கிறார்கள். எங்கள் வீட்டில் வேகவைத்த முட்டை.