பரு ஜெல் கேட்டால் ஸ்டீராய்டு கிரீம் தருகிறார்கள், டியூபைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்

முகப்பருவுக்கு டாக்டர் எழுதிய ஜெல்லைக் கேட்டு மருந்துச் சீட்டை நீட்டினால், "அது ஸ்டாக் இல்ல, இதுவும் அதே தான்" என்று வேறொரு டியூபை எடுத்து வைக்கும் கடைகள் நிறைய இருக்கின்றன. எங்கள் அக்கா மகளுக்கும், வேறு சாக்குச் சொல்லி, வேறொரு டியூபைத்தான் கொடுத்தார்கள். மதுரையில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, பெயர் தெரிந்தால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த தெருக் கடையில் இதையே வாங்கிக்கொண்டு வருவோம், அதனால் பெரிய பிரயோசனம் இல்லை.

முதலில் டாக்டர் என்ன எழுதினார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சரியான மருந்து எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால்தான் தப்பான மருந்து எப்படி ஏமாற்றும் என்பது புரியும். இரவுக்கு அடாபலீன் 0.1 சதவீத ஜெல். காலைக்கு பென்சாயில் பெராக்சைடும் கிளிண்டாமைசினும் சேர்ந்த ஜெல். அடாபலீனை முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவுதான் எடுக்கணும், நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று புள்ளி வைத்துப் பரப்பணும், பரு இருக்கிற இடத்தில் மட்டும் அப்பக்கூடாது, ஏனென்றால் அது இருக்கிற பருவை அமுக்குகிற மருந்து இல்லை, தோல் துவாரம் அடைபடாமல் பார்த்து அடுத்த பரு வராமல் தடுக்கிற மருந்து. முகம் கழுவி நன்றாக ஈரம் காய்ந்த பிறகு போடணும், கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம் தவிர்க்கணும், ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், தோல் வறண்டால் மேலே மாய்ஸ்சரைசர், பகலில் கட்டாயம் சன்ஸ்கிரீன். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் இதைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். (பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கவைக்கும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார் போல, எங்கள் வீட்டுத் தலையணை உறை இரண்டு போச்சு.)

அவர் அழுத்திச் சொன்னது இன்னொன்று. முதல் சில வாரம் தோல் உரியும், சிவக்கும், எரியும், பரு கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கும், பயந்து நிறுத்தக்கூடாது, ஒழுங்கான பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார். அப்படியேதான் ஆச்சு. முதல் டியூப் முடிகிற நேரத்தில் உரிதல் குறைந்து, புதிதாக வருகிற பரு குறைய ஆரம்பித்திருந்தது. ஆனால் கண்ணாடி முன் நிற்கிற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது தெரியாது, பழைய தழும்புதான் தெரியும்.

அந்த டியூப் தீர்ந்து, வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் சீட்டைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். கவுன்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "முகம் உரியுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், "அது உனக்கு ஒத்துக்கல, அலர்ஜி. இதைப் போடு, அதே மருந்துதான், இது இன்னும் ஸ்ட்ராங், பத்தே நாள்ல தெரியும்" என்று ஒரு டியூபைக் கொடுத்திருக்கிறார். கவனியுங்கள், ஸ்டாக் இல்லை என்றுகூட அவளிடம் சொல்லவில்லை. மருந்து சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளத்தையே அலர்ஜி என்று திருப்பிவிட்டு வியாபாரம் செய்திருக்கிறார். பில்லும் கிடையாது, கால்குலேட்டரில் தட்டிக் காட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் என்றாரே, அதற்கு முன்பே தெரிந்தது. உரிதல் போச்சு, சிவப்பு போச்சு, பரு அமுங்கியது, முகம் ஒரு சுற்று வெளுத்து மழமழவென்று ஆனது. ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன கிரீம் என்று கேட்டு டியூபைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பாழாய்ப்போன இந்த வெள்ளைத் தோல் ஆசை இல்லாவிட்டால் இந்த வியாபாரமே ஓடாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

அப்புறம் என்ன? இரண்டாவது டியூபோ மூன்றாவதோ நடந்துகொண்டிருக்கும்போது பரு திரும்ப வந்தது, ஆனால் பழைய பரு மாதிரி இல்லை. பழையது ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, ஒன்று கருப்பு முனையோடு என்று கலந்து இருக்கும். இது ஒரே அளவில் சின்னச் சின்னதாக, எல்லாம் ஒரே நாளில் முளைத்தது போல கன்னம் முழுக்க. வெயிலில் இறங்கினால் முகம் ரத்தச் சிவப்பு. கன்னத்தில் மெல்லிய முடி. ஊருக்குப் போகும்போது டியூபை மறந்துவிட்டுப் போய், இரண்டு நாளில் எரிச்சல் தாங்காமல் அழுதுகொண்டே போன் செய்தாள், "சித்தி, முகம் பத்திக்கிட்டு எரியுது, அந்தக் கிரீம் போட்டாத்தான் அடங்கும்." போட்டால் அடங்கவும் செய்தது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

டாக்டரிடம் டியூபோடு கூட்டிப்போனேன். அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே டியூபைக் கையில் வாங்கி, பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின். இதில் மொமெட்டசோன் ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்த இந்தக் கலவை மங்குக்கு, அதாவது முகத்தில் படர்கிற கருந்திட்டுக்குக் கொடுக்கிறது, அதுவும் டாக்டர் பார்வையில் சில வாரத்துக்கு மட்டும். இதன் மூதாதை கிளிக்மன் என்கிற அமெரிக்கத் தோல் மருத்துவரும் வில்லிஸ் என்பவரும் 1975இல் வெளியிட்ட ஒரு கலவை, அதுவும் கருமையைக் குறைக்கத்தான், பருவுக்கு இல்லை. நம் ஊரில் அது வெள்ளையாக்கும் கிரீமாக, பரு கிரீமாக, ஷேவிங் செய்த பிறகு தடவுகிற கிரீமாகக்கூட ஓடுகிறது.

ஸ்டீராய்டு ஏன் முதலில் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். அது தோலில் உள்ள சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அதனால் சிவப்பு மறைகிறது. வீக்கத்தை அடக்குகிறது, அதனால் பரு அமுங்குகிறது. ஹைட்ரோகுவினோன் நிறமி உற்பத்தியைக் குறைக்கிறது. எல்லாம் சேர்ந்து பளபளப்பு. ஆனால் தோலின் எதிர்ப்பு சக்தியையும் அதே ஸ்டீராய்டு அடக்குகிறது, தோலை மெலிதாக்குகிறது, போகப்போக அதுவே பருவைக் கிளப்புகிறது. நிறுத்தினால் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன, அந்தச் சிவப்பும் எரிச்சலும் திரும்ப அதையே தடவவைக்கிறது. சரியான ஜெல் முதலில் படுத்தும், பிறகு நன்மை செய்யும். இது முதலில் நன்மை செய்கிற மாதிரி காட்டி, பிறகு விடாது. கடைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும் என்பது என் எண்ணம், ஏனென்றால் திரும்பத் திரும்ப அதே டியூபுக்கு ஆள் வருவதை அவர்கள்தானே தினமும் பார்க்கிறார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்தவர்களை இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஊர் மருத்துவமனைகளில் கணக்கெடுத்து 2011இல் வெளியிட்டார்கள். 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் நான்கில் ஒருவர் அதைப் பருவுக்கென்று போட்டவர். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது டாக்டரே இல்லை, கடைக்காரர், சொந்தக்காரர், தோழி இப்படி யாரோ. ஸ்டீராய்டால் கெட்டுப்போன முகம் என்று இதற்குத் தனியாக ஒரு நோய்ப்பெயரே நம் டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பேர் வந்திருப்பார்கள் என்று பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டிய மருந்துகளின் பட்டியலுக்கு ஷெட்யூல் எச் என்று பெயர். முன்பு வெளிப்பூச்சுக்கு என்று அதில் ஒரு விலக்கு இருந்தது, அந்தச் சந்தில்தான் எல்லாம் புகுந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளைக் குறிப்பிட்டு, பூசுகிற மருந்தாக இருந்தாலும் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கொண்டுவந்தது. அதைவிட எங்கள் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிற விதி 1945 மருந்து விதிகளிலேயே இருக்கிறது. சீட்டில் ஷெட்யூல் எச் மருந்து எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக வேறு எதையும், அதே சரக்கு உள்ள இன்னொரு மருந்தாக இருந்தாலும், கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கக்கூடாது. எங்களுக்குக் கொடுத்ததில் அடாபலீன் ஒரு துளிகூடக் கிடையாது.

இதை எல்லாம் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நான் எதிர்பார்த்தது குறைந்தபட்சம் ஒரு சங்கடமாவது. "அக்கா, எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்குறாங்க. அஞ்சாறு வருஷமா குடுக்கிறேன், ஒருத்தரும் வந்து இப்படிக் கேட்டதில்ல. உங்க பொண்ணுக்கு என்ன சாப்பாட்டுல சூடோ." மருந்தாளுநர் யார் என்று கேட்டேன், சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார், அதில் இருந்த முகம் கடையில் இருந்த யாருடையதும் இல்லை. எங்கே அவர் என்றால், "சாயங்காலம் வருவார்." சாயங்காலம் ஆள் மாற்றிப் போன் செய்தபோது நாளைக் காலையில் வருவார் என்றார்கள். மருந்தாளுநர் பெயரை வாடகைக்கு வாங்கி மாட்டிவிட்டு ஆளே இல்லாமல் கடை நடத்துவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இது அதுதானா என்பதை ஆய்வாளர்தான் சொல்லணும்.

புகாரை மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். சீட்டின் நகல், டியூப், அட்டைப்பெட்டியில் உள்ள பேட்ச் எண், டாக்டர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் சேர்த்து. முதல் கேள்வியே "பில் இருக்கா?" என்பதுதான். இல்லை. நல்லவேளையாக கடைசி டியூபுக்கு ஜிபே செய்திருந்தாள், அந்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான் அந்தக் கடையோடு எங்களைக் கட்டிப்போடுகிற சாட்சி. ஆய்வாளர் கடைக்குப் போனார் என்று தெரியும், அதற்கு மேல் இன்னும் பதில் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை கேட்டால் கட்டணம் கிடையாது, 1915க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். அதையும் விடுவதாக இல்லை.

இனி நீங்கள் வாங்கும்போது. டியூபின் பெரிய எழுத்துப் பெயரைப் பார்க்காதீர்கள், இரண்டு மூன்று எழுத்து மாறினால் வேறு மருந்து. அதற்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பெக்லோமெத்தசோன், இவற்றில் எது இருந்தாலும் ஸ்டீராய்டு, சீட்டில் இல்லாமல் கையில் வாங்காதீர்கள். ஸ்டீராய்டோடு ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் சேர்த்து படை, அரிப்பு, பரு எல்லாவற்றுக்கும் ஒரே டியூப் என்று தருவது இன்னொரு வகை, அது முகத்துக்கு வரவே கூடாது. ஸ்டாக் இல்லை என்றால் இல்லை என்று வந்துவிடுங்கள், இரண்டு நாள் அடாபலீன் போடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. வெறும் கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் மாதக்கணக்கில் போடச் சொன்னாலும் கேட்காதீர்கள், தனியாகப் போட்டால் கிருமிக்கு அது பழகிவிடும் என்பதால்தான் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து எழுதுகிறார்கள். பில்லில் மருந்துப் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கணும், பில் தர மூக்கைச் சுளித்தால் அந்தக் கடையே வேண்டாம்.

ஏற்கெனவே இப்படி ஒன்றைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே பயந்துபோய் எலுமிச்சை, பற்பசை, முல்தானி மட்டி என்று எதையாவது அப்பிவிடாதீர்கள், மெலிந்த தோல் அதைத் தாங்காது. எங்கள் பெண்ணுக்கு டாக்டர் அந்தக் கிரீமை நிறுத்தி, சிவப்பை அடக்க வேறு களிம்பும், வாய்வழி டாக்சிசைக்ளினும், மென்மையான மாய்ஸ்சரைசரும் கொடுத்திருக்கிறார், ஒவ்வொருவர் முகத்துக்கும் இது மாறும். எரிச்சல் குறைந்துவிட்டது, பருவும் இறங்குகிறது, கன்னத்தில் தெரிகிற மெல்லிய ரத்தக் குழாய்கள் முழுதாக மறையும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். தோல் தேறிய பிறகுதான் அடாபலீனைத் திரும்பத் தொடங்கவேண்டுமாம். டியூபைக் குப்பையில் போடாமல் அட்டையோடு பையில் வைத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள், அரசு மருத்துவமனை தோல் பிரிவிலும் பார்க்கிறார்கள், எத்தனை நாளாகத் தடவினீர்கள் என்பதையும் குறைக்காமல் சொல்லுங்கள், நிறுத்துகிற முறையை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.