வீவக வீட்டில் குரல் பதிவு: பாம் ஷெல்டரா, துணி அலமாரியா?

குரல் நடிப்பு பழக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த மைக் வாங்கலாம் என்றுதான். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்தால் முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், மைக் அப்புறம்.

1990களின் கடைசியிலிருந்து கட்டிய புளோக்குகளில் வீட்டுக்குள்ளேயே பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பான சிறிய அறை, இருக்கிறது. கனமான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. சாத்திவிட்டால் பக்கத்து வீட்டு டிவி, தாழ்வாரத்தில் ஓடும் பிள்ளைகள் எல்லாம் நன்றாகவே அடங்கிவிடும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருப்பது ஒன்று, உள்ளே நம் குரல் சுவரில் பட்டுத் திரும்பாமல் இருப்பது வேறு. இதில் ஷெல்டர் மோசம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 1.5 மீட்டர் என்றால் ஏறக்குறைய 114 ஹெர்ட்ஸில் அறை முழங்கும், பெரும்பாலான ஆண்களின் பேச்சுக் குரல் அடித்தளமாக நிற்பதும் அந்தப் பக்கம்தான், அதனால் பீப்பாய்க்குள் பேசுவது போல் ஆகிவிடுகிறது. மெல்லிய ஃபோம் ஒட்டினால் கீச்சுச் சத்தம் மட்டும் குறையும், முழக்கம் அப்படியே இருக்கும். சுவரை ஹேக் பண்ணவும் (உடைக்கவும்) அனுமதி இல்லை. புழுக்கம் வேறு.

துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து நின்று படுக்கையறையில் பதிவு செய்தால் எதிரொலி பெருமளவு செத்துவிடும். உங்கள் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். மைக் பார்ப்பது அந்தப் பக்கம்தான், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குறை என்னவென்றால் எம்ஆர்டி ரயில், ஏர்கான், மேல்மாடி டிரில் எல்லாம் கேட்கும். சத்தமான ரெனவேஷன் வேலைக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி என்பதால் மாலையிலோ வாரக் கடைசியிலோ பதிவு செய்யலாம்.

பழகுகிறவருக்கு நான் அலமாரியைத்தான் சொல்வேன். ழகரம் ளகரமாகச் சரிவதும் வாக்கிய முடிவில் மூச்சு தேய்வதும் எதிரொலி இல்லாத பதிவில்தான் பளிச்சென்று கேட்கும், முழங்கும் அறை அதையெல்லாம் மூடிவிடும், அப்படிப் பழகினால் திருத்திக்கொள்ளவே முடியாது. கேம், அனிமேஷனுக்குக் கத்திக் கூச்சல் போடும் பாத்திரம் என்றால் மட்டும் ஷெல்டர். அக்கம்பக்கத்தாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

மைக்கிலும் இதே கணக்குத்தான். அறை அமைதியாக இருந்தால் ரோட் என்டி1 போன்ற கண்டென்சர் (நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் மைக்), அதன் சொந்த இரைச்சல் வெறும் 4 டெசிபல் அளவு. சத்தமான அறைக்கு டைனமிக் (அவ்வளவு நுண்ணுணர்வு இல்லாத மைக்), வாய்க்குக் கிட்டே வைத்துப் பேச வேண்டும். ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக்குக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: அதற்கு 60 டெசிபல் கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) வேண்டும், விலை குறைந்த இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) திணறும்.

மைக் வாங்க சிம் லிம் மின்னணுக் கடைகள் பக்கம் போவதற்கு முன் ஒரே பத்தியை இரண்டு இடத்திலும் கைபேசியில் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள்.