மெஷின் விலை மட்டும் விலையல்ல: ஏ.சி. மாற்றி இரண்டு கோடைகள் கழித்து

அண்ணா நகரில் இருக்கும் நண்பர் சென்ற வாரம் கைப்பேசியில் அழைத்து, "ஏ.சி.யின் காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) போய்விட்டதாம், மாற்றுவதற்கு 16,000 ரூபாய் கேட்கிறார்கள், வரியும் குறைந்திருக்கிறதே, புதிதாகவே வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான், எங்கள் வீட்டில் 2024 ஏப்ரலில் மாட்டிய புதிய ஏ.சி.க்கு கேஸ் ஏற்றிப் பணம் கொடுத்திருந்தேன்.

திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகில் எங்கள் வீடு. 2013 மே மாதம் வாங்கிய பழைய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. பதினோரு கோடைகள் உழைத்தது. கத்திரி வெயில் நாளிலும் பத்து நிமிடத்தில் அறையைக் குளிர வைத்துவிடும். ஆனால் உப்புக் காற்று அதன் அவுட்டோர் யூனிட்டை மெல்லத் தின்றது. செம்புக் குழாயும் அதன்மீது செருகியிருக்கும் அலுமினியத் தகடுகளும் ஈரமான உப்பில் நனைந்து கிடக்கும்போது முதலில் அலுமினியம்தான் அரிக்கும். 2019இல் அந்தத் தகடுகள் விரல் பட்டாலே வெள்ளை மாவாக உதிர்ந்தன. அந்த ஆண்டு 2,600, 2021இல் 3,000, 2022இல் 3,000, 2023இல் 3,400 என்று கேஸுக்கு மட்டும் 12,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். ஏ.சி.யில் கேஸ் என்பது வண்டிக்குப் பெட்ரோல் போலச் செலவாகித் தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போனவர்கள்மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

மாற்றுவதென்று முடிவான பிறகு நான் போட்ட கணக்கு மிக எளியது: ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் மெஷின் (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது) 44,000, மாட்டுகிற கூலி 1,500. அந்தக் கணக்கு தவறிப்போனது சுவருக்குள். பழைய மெஷின் ஆர்-22 கேஸில் ஓடியது; புதியது ஆர்-32. புதிய கேஸின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல். கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெயும் வேறு வகை. பழைய குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் எண்ணெய் புதிய மெஷினுக்கு ஆகாது. ஆகவே வீடு கட்டும்போதே சுவருக்குள் பதித்த காப்பர் பைப்பைக் கைவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டியதாயிற்று. இன்டோரிலிருந்து மொட்டை மாடிக்கு 24 அடி. மெஷினோடு வந்தது 10 அடி. மீதி 14 அடிக்கு, அடி 300 ரூபாய் வீதம் 4,200. சுவரை வெட்டிப் பூசி வண்ணம் அடிக்க 3,500. துருப்பிடித்த ஸ்டாண்டுக்குப் பதில் புதியது 900. கூலியும் சேர்த்தால் 10,100 ரூபாய் மெஷின் விலைக்கு வெளியே போயிற்று. பழையதைக் கொடுத்ததில் 3,500 திரும்ப வந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில், நான் கொடுத்த விலையில் ஏறத்தாழ 3,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். நண்பர் அந்த 3,400ஐப் பார்க்கிறார். நான் சுவருக்குள் போன பணத்தைப் பார்க்கிறேன்.

நியாயமாகச் சொன்னால், புதிய மெஷினிடம் குறை காண்பது கடினம். இரவில் அது ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பழையது ஒவ்வொரு முறை கம்ப்ரசர் எழும்போதும் விளக்கு ஒரு நொடி மங்கும்; இப்போது அது இல்லை. 25 டிகிரியில் வைத்தால் விடியும் வரை அதே குளிர். மின் கட்டணத்தில்தான் உண்மையான மகிழ்ச்சி. ஏப்ரல், மே கணக்கில் 780 யூனிட் இருந்தது 590 ஆனது. அதைவிட ஆகஸ்ட், செப்டம்பரில் 540 இருந்தது 450 ஆனதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அப்போதைய கட்டண முறையில், இரண்டு மாதக் கணக்கு 500ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலையே ஏறத்தாழ இருமடங்காகிவிடும். குறைந்த யூனிட்டுகளின் பணத்தோடு அந்தச் சலுகையும் கைக்கு வந்தது. மெஷின் வாங்குமுன் முந்தைய ஆண்டின் ஆறு மின் கட்டணச் சீட்டுகளையும் எடுத்து, எந்தெந்தக் கணக்கு 500ஐ ஒட்டி நிற்கிறது என்று பார்ப்பது, ஸ்டார்களை எண்ணுவதைவிடப் பயனுள்ளது.

இத்தனையும் சொல்லிவிட்டு, நண்பர் அழைப்பதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். குளிர் குறைந்தது. வந்த மெக்கானிக், வயதில் இளையவர், நிதானமானவர், அவுட்டோரோடு குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில் சோப்பு நுரையைப் பூசிவிட்டுக் காத்திருந்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நட்டின் விளிம்பில் கடுகளவு ஒரு குமிழ் எழுந்து, மிளகளவு பெருத்து, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. குழாயின் வாயை விரிக்கும்போதே ஓரத்தில் மயிரிழை போலக் கீறல் விழுந்திருக்கிறது. புதிய மெஷின், புதிய குழாய், பழைய நோய். மாட்டியவர்கள் அன்று அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப் எதற்கு என்று என்னிடமே கேட்டதும், கேஸையே சிறிது விட்டுக் காற்றை வெளியேற்றியதும் நினைவுக்கு வந்தன. அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் உண்டு. கேஸுக்கு ஓராண்டுதான், அது 2025 ஏப்ரலோடு முடிந்தது. இந்த இளைஞர் வாயை வெட்டி மறுபடி விரித்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வேக்யூம் வைத்து, தராசில் நிறுத்து கேஸ் ஏற்றினார். மூன்று மணி நேரம், 4,500 ரூபாய்.

ஆகவே, மெஷின் நல்லது என்று மேலே எழுதிய அனைத்தும் உண்மையாக இருந்தும், இன்றைய மனநிலையில் நண்பரிடம் "புதிது வாங்குங்கள்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருடைய மெஷினுக்கு ஆறு வயது, ஆர்-32, கடலிலிருந்து வெகு தூரம், குழாய் சுவருக்கு வெளியே ஓடுகிறது. 16,000 கொடுத்துக் காயிலை மாற்றட்டும் என்றே சொல்லிவிட்டேன். அதற்கு முன் ஓட்டை உண்மையில் காயிலில்தானா, நட்டிலா என்று நுரை பூசிக் காட்டச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். அவருக்கு யாரும் இதுவரை காட்டவில்லையாம். அந்த இளைஞரின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.