மக்களைத் தேடி மருத்துவம்: சர்க்கரை நோயாளிக்கு வாசலுக்கு வருவது எது, கேட்டு வாங்க வேண்டியது எது

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம் இது. சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நோய் உறுதியானவர்களுக்கு, முக்கியமாக 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும், மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதில் இந்தச் சேவைக்கு ஈடில்லை. தினக்கூலிக்குப் போகிறவர் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாகக் குறைத்து ஒப்பேற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதில் இது பாதி வேலைதான். மீதியை நோயாளியும் வீட்டாரும் கேட்டு வாங்க வேண்டும்.

சேர்வது எளிது. பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கை, ஆதார் அட்டை ஆகியவற்றோடு துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் போதும். விரல் நுனியில் குத்திப் பார்ப்பது சந்தேகத்தைக் கிளப்ப மட்டுமே. நரம்பில் எடுத்த ரத்தத்தில் வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் என்றால்தான் மருத்துவர் நோயை உறுதி செய்வார். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறையும் பார்த்துவிட்டே மாத்திரை தொடங்குவார்.

தனியார் மருத்துவரிடமிருந்து மாறி வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெளியில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த ஒரே மாத்திரை எழுதியிருப்பார்கள். அரசு மருந்தகத்தில் இரண்டும் தனித்தனியாக, வேறு நிறத்தில், வேறு பெயரில் வரும். பழைய மாத்திரை அட்டையில் மிச்சமிருப்பதை வீணாக்குவானேன் என்று அதையும் விழுங்கி, புதியதையும் விழுங்கினால் கிளிமிபிரைடு இரட்டிப்பாகிவிடும், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். பழைய அட்டையையும் புதியதையும் மருத்துவர் முன்னால் அருகருகே வைத்து, எது தொடரும் எது நிற்கும் என்று நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, நிறுத்தியதை அன்றே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும், வயிற்றுப்போக்கு வரும். பலர் இதைச் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். அளவைக் குறைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிளிமிபிரைடு, அதே வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு இரண்டும் வேறு மாதிரி. காலை உணவுக்குச் சற்று முன் அல்லது உணவோடு போட வேண்டும், போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்து சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கிளிபென்கிளமைடால் இறங்கிய சர்க்கரை மணிக்கணக்கில் மீண்டும் மீண்டும் இறங்கும். மாற்று மருந்து கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தன்னார்வலர் எடுக்கும் அளவில் ஒரு குறை இருக்கிறது. அவர் வருவது காலை பதினொரு மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ இருக்கலாம். அது வெறும் வயிறும் இல்லை, சாப்பிட்டு இரண்டு மணி நேரமும் இல்லை. நோட்டில் வெறும் 186 என்று இருந்தால் மருத்துவரால் ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் 'சாப்பிட்டு ஒன்றரை மணி, மூன்று இட்லி' என்று எழுதச் சொல்லுங்கள். அதே எண்ணுக்கு அப்போதுதான் அர்த்தம் வரும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிடுவது நல்லது. அதில் செருகும் ஸ்டிரிப்பைத் தினசரிக்கு இத்திட்டம் தராது, அது கைக்காசுதான். ஆகவே கண்டபடி குத்தாமல் ஜோடியாகப் பாருங்கள்: ஒரு நாள் காலை உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும், இன்னொரு நாள் மதிய உணவுக்கு, பிறகு ஒரு நாள் இரவு உணவுக்கு. வாரம் ஆறு ஸ்டிரிப்பில் எந்த வேளைச் சாப்பாடு ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் அளவு பொய்யாக ஏறும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். பிதுக்கிப் பிதுக்கி எடுத்த ரத்தமும், ஸ்பிரிட் ஈரம் காயாத விரலும் அளவைக் கெடுக்கும். ஸ்டிரிப் டப்பாவை உடனே மூடுங்கள், அடுப்படியில் வைக்காதீர்கள். நல்ல மீட்டரிலேயே 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். 150க்கும் 160க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கலங்க வேண்டாம்.

இந்தச் சேவையின் பெரிய ஆபத்து அதன் வசதியிலேயே இருக்கிறது. மாத்திரை வாசலுக்கு வந்துவிடுவதால் மருத்துவரைப் பார்ப்பது நின்றுபோகிறது. நோட்டில் 220, 240 என்று மாதக்கணக்கில் ஓடும், அதே இரண்டு மாத்திரை தொடரும். தன்னார்வலருக்கு அளவை மாற்றும் அதிகாரம் கிடையாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொடர்ந்து இரண்டு மாதம் 200ஐத் தாண்டினால் அடுத்த மாத்திரைக்குக் காத்திராமல் நோட்டோடு மருத்துவரிடம் போய்விடுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை, கட்டுக்குள் வரும்வரை மூன்று மாதத்துக்கொரு முறை கேளுங்கள். பலருக்கு 7க்குக் கீழ் இலக்கு. தள்ளாத வயதினருக்கு 8 வரை மருத்துவர் விடுவார். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் ஏமாற்றக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுங்கள். வருடத்துக்கொரு முறை விழித்திரை, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்தத்தில் கொழுப்பு, பாதத்தில் உணர்ச்சி ஆகிய ஐந்தையும் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானால் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியிருக்கும். கிரியாட்டினின் பார்க்காமல் வருடக்கணக்கில் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பது சரியே இல்லை.

இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பி. அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 அளவு சிரிஞ்சுதான். மருந்துக் கடையில் ஆரஞ்சு மூடி 100 அளவு சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், 20 கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் தவிப்பார்கள். நேர்மாறாக, 100 யூனிட் குப்பியை 40 சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. குப்பியிலும் சிரிஞ்சிலும் உள்ள எண் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் கட்டியான தோலில் மருந்து ஒழுங்காக ஏறாது, இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். திறக்காத குப்பி ஃபிரிட்ஜ் கதவில் இருக்கட்டும், ஃபிரீசர் பக்கம் வேண்டாம். உறைந்த இன்சுலின் கரைந்த பிறகும் உதவாது.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும். மாத மாத்திரைக்கும் ஸ்டிரிப்புக்கும் அது பொருந்தாது. பகலில் வீட்டில் இல்லாதவர்கள் தன்னார்வலரின் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அழைத்துவிடுங்கள். அவர் வராமல் போனால் துணை சுகாதார நிலையச் செவிலியரிடம் நேரே வாங்கிக்கொள்ளலாம். அங்கும் சரிப்படவில்லையென்றால் 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழையுங்கள்.