பூச்சந்தைச் சிட்டையில் தொடங்கும் தரவுத்தள வகுப்பு: ஒரு மதிப்புரை

தரவுத்தள (டேட்டாபேஸ்) அறிமுகம் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளில் பெரும்பாலானவை முதல் நாளே கணினியைத் திறக்கச் சொல்லி, கட்டளைகளை வரிசையாக எழுத வைக்கின்றன. மதுரை காளவாசல் பகுதியில் சனி, ஞாயிறு மாலைகளில் ஆறு வாரம் நடக்கும் இந்த வகுப்பில் முதல் இரண்டு வாரங்களுக்குக் கணினியைத் தொட அனுமதியே இல்லை. கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்குப் பார்க்கும் எனக்கு, அந்த இரண்டு வாரங்களே கட்டணம் முழுவதற்கும் ஈடாகத் தோன்றின. ஒரு நிறுவனத்தில் தரவுத்தளம் எப்படி உருவாகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை; அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

வகுப்பு எடுக்கும் ஆசிரியை பல ஆண்டுகள் தரவுத்தளப் பராமரிப்பில் வேலை பார்த்தவர். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடைகள் விவசாயிகளுக்குக் கொடுக்கும் கார்பன் நகல் சிட்டைகளை, பெயர்களை மறைத்துவிட்டு, ஒரு கட்டாகக் கொண்டுவந்து ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக் கொடுத்தார். சிட்டையில் இருப்பது ஊர், பூவின் பெயர், எடை, கிலோ விலை, கமிஷன், முன்பணத்தில் கழித்தது, கைக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். இந்தத் தகவலையெல்லாம் எந்தெந்த அட்டவணையில் வைப்பது என்று தாளில் வரைய வேண்டும் என்பதே முதல் பயிற்சி. எம்.சி.ஏ. படிக்கும் மாணவர் ஒருவர் விவசாயி, பூ, விற்பனை என மூன்று அட்டவணைகளை விரைவாக வரைந்து, விலையைப் பூ அட்டவணையில் எழுதியிருந்தார். ஆசிரியை அவர் கையிலிருந்த இரண்டு சிட்டைகளை எடுத்து அருகருகே வைத்தார்.

“தம்பி, ரெண்டும் ஒரே நாள், ரெண்டும் மல்லிகைதான். ஒண்ணுல ஒரு விலை, இன்னொண்ணுல வேற விலை. உங்க பூ டேபிள்ல எதை எழுதுவீங்க?”

“கடைசியா வந்ததை எழுதலாம், மேடம்.”

“அப்ப காலையில அஞ்சு மணிக்குப் பூப் போட்டவருக்கு நாளைக்குப் பில்லை எடுத்துப் பார்த்தா என்ன தொகை வரும்?”

மாணவர் அழித்துவிட்டு விலையை விற்பனை அட்டவணைக்கு மாற்றினார். முகூர்த்த நாளில் விடிவதற்குள் ஏறி, வெயில் வந்ததும் இறங்கும் மல்லிகை விலை பூவுக்குச் சொந்தமானதன்று, அந்த ஒரு விற்பனைக்கு மட்டும் சொந்தமானது என்பதை வகுப்பில் இருந்த யாரும் இனி மறக்க மாட்டார்கள். நிறுவனங்கள் பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் மென்பொருள்களில்கூட, இன்றைய விலையை மாற்றினால் போன மாதத்துப் பட்டியல் தொகையும் சேர்ந்து மாறிவிடும் கோளாறு இருப்பதுண்டு. அதற்குக் காரணம், வேலை செய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்காமல் அட்டவணையை வரைந்துவிடுவதே.

வரலாற்றுப் பகுதியையும் அதே சிட்டைகளை வைத்துச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் தேவைக்காக 1960-களில் ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனம் உருவாக்கிய ஐ.எம்.எஸ். போன்ற தரவுத்தள அமைப்புகள் தரவைக் கிளை கிளையாக அடுக்கின. விவசாயியின் கீழ் பூ, பூவின் கீழ் விற்பனை என்று அப்படி அடுக்கிவிட்டால், ஒரு விவசாயியின் கணக்கு உடனே கிடைக்கும். ஆனால் இன்று சந்தைக்கு முல்லை மொத்தம் எத்தனை கிலோ வந்தது என்று கேட்டால், ஒவ்வொரு விவசாயியின் கிளையிலும் இறங்கித் தேட வேண்டும். 1970-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவை உறவுகளாக, அதாவது வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாக, வைத்துக்கொண்டால் எந்தப் பக்கத்திலிருந்தும் கேள்வி கேட்கலாம் என்று எழுதிய கட்டுரைதான் இன்றைய முறைக்கு அடிப்படை. அந்தக் கருத்தையொட்டி அதே நிறுவனத்தில் பிறந்த, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.கியூ.எல். 1986-இல் அமெரிக்கத் தர நிர்ணயம் பெற்றது. நாம் தாளில் வரைந்த பெட்டிகளும் கோடுகளும் பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த முறையின் வழிவந்தவை. வரலாறு இவ்வளவுதான், அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு, ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரிக்கும் இயல்பாக்க விதிகளைப் படித்தபோது, அவை ஏன் தேவைப்பட்டன என்று யாருக்கும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து கணினி. பயன்படுத்துவது கட்டணமில்லாத தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸ். இங்கே பெயர்களைத் தமிழிலேயே உள்ளிடச் சொல்வது பாராட்டத்தக்கது, ஏனென்றால் உள்ளூர்க் கடைகளின் உண்மையான சிக்கல்கள் அப்போதுதான் வெளிவருகின்றன. உசிலம்பட்டி என்ற பெயர் நம் கணக்கில் ஏழு எழுத்து, புள்ளியையும் உயிர்க் குறியையும் தனித்தனியாக எண்ணும் கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் அது 11 குறிகள், அதை யூ.டி.எஃப்-8 என்ற முறையில் சேமிக்கும்போது 33 பைட்டுகள். எழுத்தை எண்ணி ஊர் நெடுவரிசைக்குப் பத்து இடம் ஒதுக்கியவர்களுக்கு அந்தப் பெயரே உள்ளே போகவில்லை. முத்துலட்சுமி என்றும் முத்துலெட்சுமி என்றும் இரண்டு சிட்டைகளில் எழுதப்பட்ட ஒரே பெண் இரண்டு விவசாயிகளாகப் பதிவானதும் இதே வாரத்தில்தான். பெயரை அடையாளமாக நம்பாமல், ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து அதையே முதன்மைத் திறவுகோலாக வைக்க வேண்டும் என்ற விதியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நான்காம் வாரத்தின் முன்பணப் பயிற்சியையும் சொல்லியாக வேண்டும். விவசாயிக்குக் கொடுத்த முன்பணத்தில் இன்றைய பிடித்தத்தைக் கழிப்பது ஒரு பதிவு, அவருக்குக் கொடுத்த தொகையை எழுதுவது இன்னொரு பதிவு. முதலாவது முடிந்து இரண்டாவது நடப்பதற்குள் மின்சாரம் போனால் என்ன ஆகும்? ஆசிரியை முதல் கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டு, உறுதிசெய்யாமலேயே இணைப்பைத் துண்டித்தார். மீண்டும் திறந்து பார்த்தபோது முன்பண நிலுவை பழைய தொகையிலேயே இருந்தது. இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் நடக்கக் கூடாது என்ற பரிவர்த்தனை விதியைக் கண்ணால் பார்த்த அந்த நிமிடத்தில், எக்செல் கோப்பில் மட்டும் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொகையைத் துல்லியமான எண் வகையில்தான் சேமிக்க வேண்டும், தசமங்களைத் தோராயமாக வைக்கும் மிதவைப் புள்ளி வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பதையும் அன்றே செய்து காட்டினார்.

குறைகள் கடைசி இரண்டு வாரங்களில் இருக்கின்றன, அவை சிறியவை அல்ல. தரவுத்தளத்தை உருவாக்குவதில் காட்டிய அக்கறையில் பாதிகூட அதை நடத்துவதில் காட்டப்படவில்லை. பேக்கப் எடுக்கும் கட்டளை கற்றுத்தரப்படுகிறது. அந்த பேக்கப்பிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் பயிற்சி கிடையாது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை எந்த நிறுவனமும் நம்பக் கூடாது என்பதால் இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். பில் போடும் பையன் எதைத் திருத்தலாம், முதலாளி எதைப் பார்க்கலாம் என்று பயனர்களுக்கு உரிமை பிரித்துக் கொடுக்கும் பகுதி ஒரே மாலையில் ஓட்டமாக முடிந்துவிட்டது. பழைய பேரேடுகளிலும் எக்செல்லிலும் கிடக்கும் கணக்கைச் சுத்தம் செய்து புதிய அட்டவணைகளுக்கு மாற்றுவது பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. உண்மையான கடையில் மாதக்கணக்கில் நேரத்தை விழுங்குவது அந்த வேலைதான். வகுப்பு முழுவதும் தமிழில் நடந்தாலும் கையில் கொடுக்கும் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது, பேரேடு எழுதிப் பழகிய மூத்த கணக்காளர்களுக்குத் தேவையற்ற தடை.

கட்டணம் 4,000 ரூபாய். இடம் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. வண்டி நிறுத்தத் தெருவில்தான் இடம் பார்க்க வேண்டும். மடிக்கணினி இல்லாதவர்களுக்கு அங்கேயே கணினி தருகிறார்கள்.

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு இது போதாது; தரவுத்தளத்தின் வேகம், தேடலை விரைவாக்கும் குறியீட்டு அட்டவணைகள் (இண்டெக்ஸ்) பற்றியெல்லாம் மேலோட்டமாகவே சொல்கிறார்கள். சொந்தக் கடையோ கிடங்கோ கூட்டுறவுச் சங்கமோ நடத்துபவர்கள், அவற்றில் கணக்கு எழுதுபவர்கள், வெளியாளிடம் மென்பொருள் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் ஆகியோர் தயங்காமல் சேரலாம். குறிப்பாகக் கடைசி வகையினர், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முதல் இரண்டு வாரங்களையாவது முடித்துவிட்டு வருவது நல்லது. சேருகிறவர்கள் தங்கள் கடையின் பில் புத்தகத்திலிருந்து நாலைந்து தாள்களை எடுத்துச் செல்லட்டும். கேட்டால் அவற்றை வைத்தும் ஆசிரியை வரைந்து காட்டுகிறார். பேக்கப்பிலிருந்து மீட்கும் பயிற்சியை அடுத்த சுற்றில் சேர்க்கும்படி நானும் உடன் படித்தவர்களும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சேர்ந்ததா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.