காபிச் சக்கைக் கட்டி: சாம்பாருக்குச் சரி, தோசைக்கு ஆகாது

ரங்கூன் தாம்வேயில் வீட்டு வாசலிலேயே எங்களுக்கு டிபன் கடை. கரண்ட் வந்தால் மாவு ஆட்டிக்கொள்வோம். அதை நம்பி அடுப்பு வைக்க முடியாது என்பதால் எப்போதும் கரி அடுப்புதான். கரி விலையோ வீசைக்கு வீசை ஏறுகிறது. ஐராவதிக் கழிமுகத்து அலையாத்தி மரங்கள் கரியாகி வருவதைப் பார்த்தாலும் மனசுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் ஒருவர் கரிக்குப் பதிலாக எரிக்கிற காபிச் சக்கைக் கட்டிகளைக் கொண்டுவந்ததும் ஒரு மூட்டை இறக்கச் சொன்னேன்.

ஊரில் பெருகிவிட்ட காபிக் கடைகள் கொட்டும் சக்கையை அள்ளிக் காயவைத்து, மரத்தூளும் மரவள்ளிமாவுக் கூழும் சேர்த்து அழுத்திச் செய்கிறார்களாம். முழம் நீளத்தில் கால்வாசி இருக்கும், நடுவில் ஓட்டை.

பற்றவைப்பது பெரும்பாடு. "இது புடிக்கிறதுக்குள்ள வாடிக்கையெல்லாம் அடுத்த தெருவுக்குப் போயிரும்டி" என்று மாமியார் முனகினார். கீழே கரித்துண்டு போட்டு விசிறினால்தான் வழிக்கு வருகிறது. புகை கண்ணைக் கரிக்கும். காபி மணம் வரும் என்று நினைத்து வாங்காதீர்கள், விதை கருகுகிற நெடிதான் வரும். உலர்ந்த சக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே எண்ணெய் இருக்கிறது. சூடு தருவதும் அதுதான், ஆரம்பத்தில் புகைவதற்கும் அதற்குப் பங்குண்டு.

கரியைவிடச் சூடு அதிகம் என்று விற்பவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. எரிந்து வெளிவரும் சூட்டை மெகாஜூலில் அளப்பார்கள்; உலர்ந்த சக்கை கிலோவுக்கு 20 மெகாஜூலுக்குச் சற்று மேல் தரும். காய்ந்த விறகு 16 முதல் 18 வரை, நல்ல கரி 28ஐத் தொடும். விறகை ஜெயிக்கும், கரியிடம் தோற்கும், அவ்வளவுதான்.

ஆனால் புகை அடங்கிக் கனல் நிலைத்த பிறகு இதன் குணமே வேறு. சீராக, அவசரமில்லாமல் எரிகிறது. பருப்பு வேகவைக்க, கொண்டைக்கடலைக்கு, சாம்பாரைச் சூடு குறையாமல் வைத்திருக்க அருமை. சாம்பலும் குறைவு. தோசைக்கல்லுக்கு மட்டும் வேண்டாம்: தண்ணீர் தெளித்ததும் கல் மறுபடி சட்டென்று சூடேற வேண்டும், இது அதற்கு இசையாது. இப்போது எங்களிடம் தோசைக்குக் கரி, பக்கத்து அடுப்புக்குக் கட்டி.

மழைக்காலத்து மூட்டை ஏமாற்றிவிட்டது. கடையிலிருந்து வரும் சக்கையில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. நம்மூர் ஆனி, ஆடியில் அதை எங்கே காயவைப்பது? கட்டி கையில் உதிர்ந்தது, சாக்கில் பூஞ்சை. பெரிய கம்பெனிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு: நெஸ்லே மாதிரி கம்பெனிகள் இன்ஸ்டன்ட் காபி ஆலைகளில் மிஞ்சும் சக்கையைத் தங்கள் கொதிகலனிலேயே எரித்து நீராவி எடுக்கிறார்கள். சுமந்து போகும் செலவு இல்லை, புகைபோக்கியும் உண்டு. லண்டனில் 2013இல் தொடங்கி காபிக் கட்டி விற்ற பயோபீன் என்ற கம்பெனியோ 2023இல் மூடிவிட்டது. சின்ன ஆட்கள் இதைச் செய்து தாக்குப்பிடிப்பது லேசில்லை என்பதால், விலை கரியைவிடக் கொஞ்சம் கூட இருந்தும் நான் பேரம் பேசவில்லை.

மாடி வீட்டில் அடைத்த அடுப்படி வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டாம். வாசல் அடுப்புக்காரர்கள் மாசி, பங்குனி வெயிலில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், நகம் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கியதைச் சாக்கில் விடாமல் மூடி போட்ட தகரத்தில் வையுங்கள்.