காரைக்குடியில் சிறுவர் நடிப்பு வகுப்பு: ஒரு தாயின் மதிப்புரை

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் உள்ள பெரிய வீடுகளில் படப்பிடிப்பு நடப்பது வழக்கமாகிவிட்டதால், இப்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திரையில் தோன்றும் ஆசை எளிதில் வந்துவிடுகிறது. அப்படி ஆசைப்பட்ட என் மகளை இங்கே வார இறுதியில் நடக்கும் நடிப்பு வகுப்பு ஒன்றில் சேர்த்திருக்கிறேன். குழந்தையாக நடிப்பதற்கு மட்டுமன்றி, வளர்ந்த பின்னும் இப்பயிற்சி கைகொடுக்குமா என்பதையே நான் முதன்மையாகப் பார்த்தேன்.

பயிற்சியைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. ஆசிரியர், ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் எனும் இசை நாடக மேடையில் வள்ளி திருமணம் ஆடி வளர்ந்தவர். சிறுவர்களைக் கொண்டு நடந்த அக்கால நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளில் பாடி நடித்த சிறுவர்கள், மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் வேடமிழந்து நின்ற வரலாற்றை அவர் அறிந்திருப்பதால், குரல் மாறும் வயதுப் பையன்களைப் பாடச் சொல்லி வருத்துவதில்லை. அவர்களுக்கு உடல்மொழி, ஒப்பனை, காட்சி அமைத்தல் ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கிறார். மழலையைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் வித்தையை அவர் ஊக்குவிப்பதே இல்லை. ஏழு வயதில் ஊரே கொஞ்சும் அந்த மழலை பதினைந்து வயதில் எவருக்கும் வேண்டாததாகிவிடும் என்பதால் இதையே இவ்வகுப்பின் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

1960இல் ஏவி.எம். தயாரித்த 'களத்தூர் கண்ணம்மா'வில் அறிமுகமான கமல்ஹாசன், குழந்தை வேடங்கள் ஓய்ந்த பிறகு டி.கே.எஸ். நாடகக் குழுவில் பயின்று, நடன உதவியாளராகவும் உழைத்த பின்னரே நாயகனானார். இதே காரைக்குடியில் உருவாகி 1947இல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் சிறுமியாக ஆடிய குமாரி கமலாவுக்குப் பரதநாட்டியமே வாழ்நாள் தொழிலாக நிலைத்தது. இருவரையும் கரைசேர்த்தது கற்ற கலைதான். குழந்தை வேடம் ஓய்ந்த பின் அத்தகைய இடைக்காலம் ஒன்று உண்டு என்பதையே பல பெற்றோர் எண்ணிப் பார்ப்பதில்லை. படிப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் வருமானத்தை நம்பத் தொடங்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

வகுப்பின் பெருங்குறையும் அங்கேதான் இருக்கிறது. பெற்றோருக்கென்று எந்த வழிகாட்டலும் இல்லை. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, 14 வயது நிறையாத குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ந்து 27 நாட்களுக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரிலேயே வைப்புத்தொகையாகச் சேர வேண்டும். நடிப்பு வாய்ப்பு நின்றுபோன பிள்ளை கல்லூரியில் சேரவோ வேறு தொழில் தொடங்கவோ அப்பணம் உதவும். இதைப் பற்றி என் தாயார் கேட்டபோது, "ஆச்சி, அதையெல்லாம் கம்பெனிக்காரங்க பார்த்துக்குவாங்க" என்று அலுவலகத்தில் இருந்தவர் பதில் சொன்னது எனக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை. வாய்ப்புத் தேடுவதற்கென்று தனிக் கட்டணத்தில் புகைப்படத் தொகுப்பு எடுக்கச் சொல்வதில் மட்டும் அவர்கள் காட்டும் அக்கறை மிகுதி.

நடிப்பை ஒரு கலையாகப் பயில விரும்பும் பிள்ளைகளைத் தயங்காமல் சேர்க்கலாம். புகைப்படத் தொகுப்பு கட்டாயமில்லை; வேண்டாமென்று சொன்னால் விட்டுவிடுகிறார்கள். பள்ளித் தேர்வு நாட்களில் வகுப்புக்கு வராவிட்டாலும் கட்டணத்தை அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்கிறார்கள்.